ஊதாத் துணியைத் தொடாத கை

“யாராவது செத்துட்டாங்களா?” என்று கேட்டார் சினியோரா ஆர்ஜியா, காப்பிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இன்னும் இல்ல. நாலு மணிக்குத் திரை ஏறலன்னா நான் செத்துடுவேன்,” என்றார் ஒத்தோரீனோ.

சனிக்கிழமை காலை பத்தே முக்கால். எங்கள் காஸ்தெல்வேர்தோ ஊரின் ஒரே ஓபரா தியேட்டருக்கு ஒத்தோரீனோதான் மேலாளர். அங்கிருந்து செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் துப்பறியும் அலுவலகம் வரைக்கும் ஓடியே வந்திருந்தார். கோட்டுப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்ததால் இடது தோள் மேலே ஏறியிருந்தது.

“உட்காருங்க. என்ன தொலைஞ்சுது?”

“தொலையல, சினியோரா. வந்திருக்கு.” அவர் மேசையின் இரும்புக் காலைக் குனிந்து பிடித்துக்கொண்டார். “ஜெலிந்தாவோட ஒப்பனை அறைக் கண்ணாடி மேல ஒரு துணி. அதோட நிறத்தை நான் சொல்ல மாட்டேன்.”

கெட்ட சகுனம் காதில் விழுந்தால் இரும்பைப் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். நானும் குனிந்து மேசையின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டேன்.

“ஊதாவா?” என்றார் சினியோரா.

ஒத்தோரீனோ கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் நாட்டில் தியேட்டருக்குள் ஊதா நிறம் நுழையக் கூடாது. சட்டை, கைக்குட்டை, பூங்கொத்து எதுவும் கூடாது. நுழைந்தால் ஆட்டம் குளோஸ். இதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் மேடை ஏறிப் பாடியதில்லை.

நான் பாடியிருக்கிறேன். என் பெயர் நேவியோ. அதே தியேட்டரில் எட்டு வருடம் கூட்டுப் பாட்டுக் குழுவில் இருந்தேன். ஒரு சாவுக் காட்சியில் பிணமாகக் கிடந்தவர் தும்மினார், நான் சிரித்தேன். தும்மியவருக்கு வேலை இன்னும் இருக்கிறது. சிரித்தவனை அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பிய ஒத்தோரீனோ இப்போது என்னோடு சேர்ந்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். உலகம் உருண்டை என்று சும்மாவா சொன்னார்கள்.

சினியோரா ஆர்ஜியா பொன்பாந்தி முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவன் முகம் எது, எடுத்துத் தொலைத்தவன் முகம் எது என்று பார்த்தவுடன் பிரித்துவிடுவார். ஓய்வு பெற்றதும் அந்தப் பார்வையைத்தான் முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கினார். “போகலாம் வாடா,” என்று தொப்பியை எடுத்தார்.

தியேட்டரின் பின்கட்டு நடையில் பத்துப் பேர் ஒரே இரும்பு வெந்நீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். குழாய் சுட்டது. ஆளாளுக்குக் கையை மாற்றிக்கொண்டார்களே தவிர யாரும் விடவில்லை. வரிசையின் கடைசியில் நாயகன் வேடத்துக்கு மிலானோவிலிருந்து வந்திருந்த ஃபெலீச்சே மார்ஸி, கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிய கம்பளித் துணியோடு நின்றார். உச்ச ஸ்வரத்துக்குப் பேர் போனவர். பாடுகிற நாளில் பாடகர்கள் பொழுதுக்கும் வாய் திறக்க மாட்டார்கள், குரலைச் சேமிப்பார்கள். அவரும் ஒரு குறிப்பு நோட்டில் ‘என்ன கொடுமை’ என்று எழுதி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஜெலிந்தா கொர்ராதி மட்டும் குழாயைப் பிடிக்கவில்லை. தலை நிறைய முடியைச் சுருட்டும் உருளைகளோடு, மூடிக் கட்டிய தன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் மகள். இந்த ஓபராவின் நாயகி. ஓபராவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எங்காவது ஒரு சரவிளக்கு விழும், எனக்கு எதற்கு வம்பு. கடைசிக் காட்சியில் பிரபுவின் மகள் விஷம் குடிக்கிறாள், காதலன் தாமதமாக வருகிறான், அவ்வளவு தெரிந்தால் போதும்.

“நான் ஊதாவுக்குப் பயப்படல,” என்றாள் ஜெலிந்தா. “மேல இருக்கிறவங்களுக்குப் பயப்படறேன்.”

மேல் என்றால் மேல்மாடம். மலிவு டிக்கெட், மரப் பலகை, முழங்கால் மூக்கில் இடிக்கும். அங்கே உட்காருகிற எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒவ்வொரு ஓபராவும் ஸ்வரம் ஸ்வரமாக மனப்பாடம். பாட்டு பிசகினால் விசில் அடிப்பார்கள். விசிலென்றால் கொண்டாட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இங்கே விசில் செருப்படி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், இதே மேடையில் ஜெலிந்தாவின் குரல் உடைந்தது. அவள் திரைக்குப் பின்னால் ஓடும் வரை விசில் நிற்கவில்லை. நான் அன்று கூட்டுக் குழுவில் மூன்றாவது வரிசையில் நின்றேன். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

“இது அவங்க வேலைன்னா நான் ரெண்டு பத்து ரயிலைப் பிடிச்சுப் போயிடறேன். இனி இந்த ஊருக்கு வர மாட்டேன், அப்பாவையும் நான் இருக்கிற ஊருக்கே கூட்டிக்கறேன். அவங்க இல்லன்னு நிரூபிங்க சினியோரா, பாடறேன்.”

“ரெண்டு பத்து சனிக்கிழமை ஏழு நிமிஷம் லேட்டா வரும்,” என்றார் சினியோரா. “நேரம் இருக்கு.”

அவர் நேராக அறைக்குள் போய்க் கண்ணாடி மேல் கிடந்த துணியை வெறுங்கையால் உருவினார். நடையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ ஜெபம் சொன்னார்கள்.

“ராசியில்லன்னு எல்லாரும் பயப்படற பதினேழாம் நம்பர் பெட்டியில முப்பது வருஷம் போயிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல,” என்றார்.

“உங்க வீட்டுக்காரர் ஓடிப் போனாரே?” என்றேன்.

“ஒண்ணும் ஆகலன்னுதானே சொன்னேன். இதைப் பிடி.”

பிடிக்கச் சொன்னால் பிடிக்க முடியுமா? அவரே விரித்துக் காட்ட, நான் ஓரடி தள்ளி நின்று பார்த்தேன். ஆள் உயரத் துணி. ஒரு ஓரத்தில் வெள்ளை மெழுகு சொட்டி உறைந்திருந்தது. மேல் விளிம்பில் காசு அளவுக்கு இரண்டு எண்ணெய்த் தடங்கள், துணியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நேருக்கு நேர்.

“மோந்து பாரு.”

“சினியோரா, எனக்குக் கல்யாணம் கூட ஆகல.”

“மூக்குதானே கேட்டேன்.”

மோந்தேன். “கிராம்பு. செலரி. மாட்டு நாக்கு. இது தடயம் இல்ல, மதியச் சாப்பாடு.”

“ரெண்டும்தான்,” என்று துணியை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். “விரல் பட்டா இப்படித் தடம் விழாது. இடுக்கியால கவ்விப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்திருக்கான். இதை வெச்சவனுக்கு ஊதான்னா அந்தக் குழாய்க் கூட்டத்தை விட அதிகப் பயம்.”

“பயந்தவன் எதுக்குக் கொண்டு வரணும்?”

“இதைவிடப் பெரிய பயம் ஒண்ணு அவனுக்கு இருக்கு. அது என்னன்னு கண்டுபிடிச்சா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்.”

மேல்மாடத்துக்குத் தலைவர் என்று யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால் லேயார்க்கோ விசில் அடிக்காமல் அங்கே யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். அறுபத்தெட்டு வயது, சந்தைச் சதுக்கத்தில் சலூன். நாங்கள் போனபோது ஒருவர் தாடையில் சோப்பு நுரையோடு மல்லாந்திருக்க, பெஞ்சில் மூன்று பேர் மத்தியான ஆட்டத்தைப் பற்றி முன்கூட்டியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“லேயார்க்கோ, ஜெலிந்தா அறையில யாரோ ஊதா...”

கத்தி, கத்தரி, சீப்புப் பெட்டி என்று கடையில் இருந்த அத்தனை இரும்பிலும் நாலு கைகள் பாய்ந்தன. மல்லாந்திருந்தவர் நாற்காலிக் கம்பியைப் பிடித்தார்.

“அந்த வார்த்தையைக் கடைக்குள்ள சொல்லாதீங்க. ஆட்டம் இருக்கிற நாளு,” என்றார் லேயார்க்கோ. “எங்க மேல சந்தேகமா? எங்களுக்கு எதுக்கும்மா துணியும் மணியும்? ரெண்டு விரல் இருக்கு, வாய் இருக்கு. பிடிக்கலன்னா முகத்துக்கு நேரா அடிப்போம். அதுவும் பாடினதுக்கு அப்புறம். பாடறதுக்கு முன்னாடி தொந்தரவு பண்றவன் ரசிகன் இல்ல, ரவுடி.”

“பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி முதல் விசில் யாரோடது?”

கத்தி நுரையில் நின்றது.

“என்னோடது. அந்தப் பொண்ணு குரல் உடைஞ்சுது, அடிச்சேன். அது நியாயம்.” அவர் கத்தியைத் துண்டில் துடைத்தார். “அதுக்கப்புறம் ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரல. அது வேற கணக்கு. அவங்க அப்பா இன்னிக்கு வரைக்கும் பக்கத்து ஊருக்குப் போய்த்தான் முடி வெட்டிக்கிறார். பஸ் பிடிச்சு.”

பெஞ்சுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அந்த ஆளை வெறுக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. முடியவில்லை.

“இன்னிக்குக் காலைல தியேட்டர் ஆளுங்க யாராவது வந்தாங்களா?” என்றார் சினியோரா.

“மிலானோக்காரர் வந்தார். ஒன்பது மணிக்கு ஷேவிங். நல்ல கன்னம், மரியாதை கம்மி.”

“என்ன மரியாதைக் குறைவு?”

“போகும்போது, ‘ஓநாய் வாயில போயிட்டு வாங்க’ன்னு சொன்னேன்.”

மேடை ஏறுகிறவனை இங்கே யாரும் வாழ்த்த மாட்டோம், வாழ்த்தினால் விளங்காது. ஓநாய் வாயில் போ என்போம். அவன் ‘சாகட்டும் ஓநாய்’ என்று வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். நாள் முழுக்க மௌனம் காக்கிற பாடகர்கள் கூட அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் வாயைத் திறப்பார்கள்.

“அவர் என்ன பண்ணார் தெரியுமா? நோட்டை எடுத்து எழுதிக் காட்டறார். எழுதினா ஓநாய் படிக்குமா?” என்றார் லேயார்க்கோ. “இருபது வருஷமா மேடையில இருக்கிற மனுஷன்.”

பெஞ்சு முழுவதும் தலையை ஆட்டியது. சினியோரா தொப்பியைச் சரி செய்துகொண்டார். தொப்பி சரியாகத்தான் இருந்தது. அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான்.

“சொல்லுங்களேன்,” என்றேன் வெளியே வந்ததும்.

“டிக்கெட் இல்லாதவன்ல ரெண்டு வகை. முட்டாள் கழிவறையில ஒளிவான். புத்திசாலி ஜன்னலோரம் தூங்கற மாதிரி நடிப்பான். எழுப்பினாலும் வாய் திறக்க மாட்டான். இப்போ மெழுகைப் பார்ப்போம்.”

மெழுகுக்கு எங்கள் ஊரில் ஒரே முகவரி. கோவிலுக்குப் பின்புறத் தோட்டத்தில் பங்குச்சாமி தோன் எர்மெஸ் பாவாடை போன்ற அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு துணிக்கொடிக்கு முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். தவக்காலம் முடிகிற சமயத்தில் கோவில் சிலைகளை எல்லாம் ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். அடுத்த வாரத்துக்காகப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருந்தார். கொடி முழுக்க ஊதா. நான் தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

“ஏழு போட்டேன், ஆறுதான் இருக்கு,” என்றார் சாமி. “புனித லூசியாவோடதைக் காணோம்.”

“கண் பார்வைக்குக் காவல் இருக்கிற புனிதை. தன் துணி போனதைப் பார்க்கலையா சாமி?” என்றேன்.

“வாயை வெச்சே உனக்கு ஒரு வேலை போச்சு, ஞாபகம் இருக்கா?”

சினியோரா பையைத் திறந்து காட்டினார். சாமி மெழுகுத் துளியைத் தடவிப் பார்த்து, “இதேதான். எங்க கிடைச்சுது?” என்றார்.

“தியேட்டர்ல.”

தோன் எர்மெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அந்தக் காலத்துல தவக்காலம் வந்தா தியேட்டரை இழுத்து மூடிடுவாங்க. நாப்பது நாள் கூத்தாடிங்களுக்குச் சோறு இல்ல. அதுலேர்ந்து எங்க துணியைக் கண்டாலே ஓட்டம். இப்போ ஒருத்தன் அவனா தேடி வந்து எடுத்துட்டுப் போயிருக்கான்னா, முன்னேற்றம்தான்.”

“சாயங்காலம் திருப்பித் தர்றேன் சாமி. அந்த ஜன்னல் யாரோடது?”

கொடிக்கு நேர் மேலே, மதில் மேல் குந்தினாற்போல் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அங்கிருந்து கிராம்பு வாசனை இறங்கியது.

“அது யோலே விடுதியோட மாடிப்படி ஜன்னல். சனிக்கிழமைன்னா அவ அடுப்பு வாசனையில எனக்கு ஜெபமே ஓடறதில்ல,” என்றார் சாமி. நேரே எங்கள் தலைக்கு மேலே மணி பன்னிரண்டு அடித்தது.

யோலே விடுதியில் கீழே சாப்பாடு, மேலே அறைகள். சினியோரா நிதானமாக ஒரு மேசையைப் பிடித்து, கைத்துண்டை மடியில் விரித்து, இரண்டு தட்டு வேகவைத்த கறி சொன்னார்.

“ரயில் ரெண்டு பத்துக்கு,” என்றேன்.

“ரெண்டு பதினேழுக்கு.”

யோலே ஆவி பறக்கும் அண்டாவோடு வந்தாள். மாட்டு நாக்கை இரண்டு முட்கரண்டியால் குத்தித் தூக்கப் பார்த்தாள். அது நழுவி அண்டாவுக்குள்ளேயே விழுந்து என் சட்டையில் ரசம் தெறித்தது.

“இடுக்கி எங்க போச்சு யோலே?” என்றார் சினியோரா, ஏதோ மழை வருமா என்று கேட்பதுபோல.

“எந்தக் கட்டையில போறவனோ எடுத்துட்டுப் போயிட்டான். ஒன்பதரைக்கு அண்டாவுல வெச்சுட்டு உப்பு எடுக்கப் போனேன், வந்து பார்த்தா இல்ல. எங்க அம்மா கொடுத்த இடுக்கி.”

“மாடியில யார் தங்கியிருக்காங்க?”

“மிலானோக்காரர் மட்டும்தான். நல்ல மனுஷன், சத்தமே கிடையாது. வியாழக்கிழமைலேர்ந்து தேன், சூடான பால், முட்டை மஞ்சள் கரு. பதினாறு மஞ்சள் கரு சினியோரா.”

“பாடப் போறாரா, கேக் சுடப் போறாரா?” என்றேன்.

“நேவியோ, மேல போய்ப் படுக்கை விரிப்பை மாத்திட்டு வா,” என்றார் சினியோரா. யோலே ஒரு கணம் அவரைப் பார்த்தாள். இடுக்கி அம்மா கொடுத்தது. சாவியை என் கையில் வைத்தாள்.

இடுக்கி கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒரு காலுறைக்குள் செருகி, மேலே உப்பைத் தூவி, உப்பின் மேல் குதிரை லாடம் ஒன்றை வைத்து, லாடத்தின் மேல் ஒரு சிவப்பு மிளகாயும் வைத்திருந்தார் அந்த மனுஷன். பேய் பிடித்தவனுக்குக் கூட இத்தனை காவல் போட மாட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“ஆள் கிடைச்சாச்சு,” என்று கீழே வந்து மூச்சு வாங்கினேன். “ஆனா ஏன்? தன்னோட நாடகத்தைத் தானே எதுக்குக் கெடுக்கணும்?”

“அதை அவர் வாயாலேயே சொல்ல வைப்போம்,” என்று சினியோரா கடைசித் துண்டு நாக்கைப் பச்சைச் சட்னியில் தோய்த்தார். “இன்னும் ரெண்டு வாய்.”

நாங்கள் தியேட்டருக்குத் திரும்பியபோது ஒன்று ஐம்பத்தைந்து. ஜெலிந்தா தலை உருளைகளைக் கழற்றித் தொப்பி வைத்துக்கொண்டு பெட்டியின் கைப்பிடியில் கை வைத்திருந்தாள். ஒத்தோரீனோ அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார். குழாய்க் கூட்டம் கலையவில்லை. ஃபெலீச்சே மார்ஸி நோட்டில் ‘பாவம், போகட்டும் விடுங்கள்’ என்று எழுதிக் காட்டினார்.

“நீங்க சொன்னா சரிதான்,” என்று சினியோரா அவர் அருகில் போனார். “ஐயோ, கழுத்துத் துணி இப்படித் தளர்ந்து கிடக்கே. தொண்டையில காத்துப் படலாமா? இருங்க, கட்டி விடறேன்.”

ஒரு தாய் மகனுக்குக் கட்டுவதுபோல அத்தனை வாஞ்சையாகப் பழைய கம்பளியை உருவினார், புதியதைச் சுற்றினார், முடிச்சுப் போட்டார். மார்ஸி நன்றியோடு தலையைக் குனிந்தார். குனிந்தபோது தன் நெஞ்சில் தொங்குவதைப் பார்த்தார். ஊதா.

வாய் அகலத் திறந்தது. மிலானோவின் பெரிய மேடைகளை அதிர வைத்த வாய். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு, மழைக்காலத்துக் கிணற்றடியில் கேட்குமே, அந்த மாதிரி ஒரு ‘க்ராக்’. அதோடு சரி. அவர் இன்னொரு தடவை முயன்றார். இன்னொரு க்ராக்.

நடையில் ஒருவர் பாக்கியில்லாமல் குழாயை விட்டுவிட்டார்கள்.

“குரல் எப்போ போச்சு?” என்றார் சினியோரா மெதுவாக, துணியை அவிழ்த்துக்கொண்டே.

மார்ஸி உட்கார்ந்தார். எழுதினார். நான் சத்தமாகப் படித்தேன். ‘வியாழக்கிழமை. திரும்பி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.’

“ஓநாய்க்குப் பதில் சொல்லாம எழுதிக் காட்டினீங்க. இடுக்கிக்கு உப்பு தூவற மனுஷன் அந்த ரெண்டு சொல்லைச் சொல்லாம இருப்பாரா? சொல்ல முடியாதவர்தான் சொல்ல மாட்டார்,” என்றார் சினியோரா. “உடம்பு சரியில்லன்னு சொல்லியிருக்கலாமே.”

அவர் நெடுநேரம் எழுதினார். ‘பார்மாவில் ஒரு முறை சொன்னேன். பயந்துவிட்டான் என்று பத்திரிகையில் எழுதினார்கள். இந்த ஊர் மேல்மாடம் அதைவிட மோசம். நாயகி பாட மறுத்தால் என் மேல் பழி இல்லை. அவளுக்கு இப்படி ஆகும் என்று தெரியாது. அந்தப் பழைய கதை எனக்குத் தெரியாது. சத்தியம்.’

படித்து முடித்தேன். எல்லோரும் ஜெலிந்தாவைப் பார்த்தோம். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அறைந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

“அப்போ மேல இருக்கிறவங்க இல்ல?” என்றாள்.

“இல்ல. ஊதான்னு சொன்னதுக்கே கத்தரியைக் கட்டிப் பிடிக்கிறாங்க.”

அவள் தொப்பியைக் கழற்றினாள். அந்தத் தொப்பி பெட்டி மேல் விழுந்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒத்தோரீனோ எழுந்து சினியோராவின் இரண்டு கையிலும் முத்தம் கொடுத்தார், என் கையிலும் கொடுத்தார். பிறகு நடு முத்தத்தில் நின்றார்.

“நாயகன்?” என்றார். “நாயகனுக்கு யார் பாடுவாங்க?”

மாற்று ஆள் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம், பார்மாவிலும் மோதெனாவிலும் தொண்டை உள்ளவன் எல்லாம் ஏதோ ஒரு மேடையில் இருப்பான். துப்பு துலங்கி, திருடன் கிடைத்து, நாயகி சம்மதித்து, நாடகம் மட்டும் செத்துக் கிடந்தது. தூரத்தில் ரயில் ஊதியது. சினியோரா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பதினேழு.

“ரயில் போயாச்சு. இனி எனக்கு ஓடிப் போக வழி இல்ல,” என்றாள் ஜெலிந்தா. அவள் மார்ஸியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். “உங்களுக்கும் எனக்கும் ஒரே ஆளுங்க மேலதான் பயம். வாங்க, அவங்ககிட்டேயே சொல்லிடலாம்.”

நாலு மணிக்குத் தியேட்டர் நிரம்பி வழிந்தது. திரைக்கு முன்னால் மார்ஸி நாயகன் உடையில், இடுப்பில் வாளோடு, ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான். விரட்டப்பட்ட மேடையில் திரும்ப ஏறும்போது இப்படி ஏறுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. காகிதத்தில் இருந்ததை ஒரு சொல் விடாமல் படித்தேன். குரல் போனது, பயந்தது, துணி எடுத்தது, மன்னிப்பு. கடைசியில், விசில் அடிக்க விரும்புகிறவர்கள் இப்போதே அடித்துவிடலாம், ஜெலிந்தா வந்த பிறகு வேண்டாம் என்று இருந்தது.

மேலே ஒரு சத்தம் இல்லை. தலையெழுத்து எழுதப்படும் நேரத்தில் அப்படித்தான் இருக்கும் போல.

“அந்த ஆளுக்கு நடிக்கத் தெரியுமா?” லேயார்க்கோவின் குரல்.

“தெரியும்,” என்றேன்.

மேலே குசுகுசுப்பு. யாரோ ‘முதல் அங்கம் நான்’ என்றார். யாரோ ‘உனக்கு மூச்சு பத்தாது’ என்றார்.

“சரி, நடிக்கட்டும்,” என்றார் லேயார்க்கோ. “பாட்டை நாங்க பார்த்துக்கறோம்.”

இப்படி ஓர் ஓபரா எங்கும் நடந்திருக்காது. கீழே மார்ஸி வாயசைக்க, மேலே கசாப்புக்காரரும் தபால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் முறை வைத்துக் காதலித்தார்கள். இசை நடத்துநர் மேடைக்கும் மாடத்துக்கும் மாறி மாறித் திரும்பிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார். ஜெலிந்தா முதலில் நுழைந்ததைப் பக்கத் திரையிலிருந்து பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உடைந்த அந்த இடம் வந்தது. அவள் நேராக மேல்மாடத்தைப் பார்த்துக்கொண்டு பாடினாள். உடையவில்லை. கடைசி வரிசையில் சைக்கிள் கடைக்காரர் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை.

கடைசிக் காட்சியை லேயார்க்கோ தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். பிரபுவின் மகள் விஷம் குடித்தாள். காதலன் தாமதமாக வந்தான். அவள் அவன் மடியில் செத்தாள். எழுநூறு பேர் மூச்சைப் பிடித்திருக்க, மேலே இருந்து பிரியாவிடைப் பாட்டு இறங்கியது. அறுபத்தெட்டு வயதுக் குரல், ஆனால் ஐம்பது வருடம் மனத்துக்குள்ளேயே பாடிப் பழகிய குரல். ஏறியது, ஏறியது, அந்த உச்ச ஸ்வரத்தைத் தொட்டது.

உடைந்தது. சுக்குநூறாக உடைந்தது.

அப்போது மேடை நடுவில், வெள்ளை உடையில், கண் மூடி, மார்ஸியின் மடியில் செத்துக் கிடந்த பிரபுவின் மகள் வலது கையைத் தூக்கினாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள். காது கிழிகிற மாதிரி ஒரு விசில் அடித்தாள். அடித்துவிட்டுக் கையைப் பழைய இடத்தில் வைத்துத் திரும்பவும் செத்தாள்.

பக்கத்து மாடத்தில் தூங்கிப் போயிருந்த சினியோரா ஆர்ஜியா ரயில் கிளம்புகிறது என்று எண்ணிக் கைப்பையோடு எழுந்து நின்றார்.

மேல்மாடத்தில் லேயார்க்கோவும் எழுந்தார். சலூன்காரர், ஆட்டத்துக்கென்றே எண்ணெய் போட்டு வாரிய தலை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தலையை நன்றாகத் தாழ்த்தி வணங்கினார்.

“நியாயம்,” என்றார் அங்கிருந்தபடியே. எல்லோருக்கும் கேட்டது.

முதலில் சிரித்தது நான்தான், பழைய வியாதி. அடுத்தது மடியில் பிணத்தை வைத்திருந்த மார்ஸி, க்ராக் க்ராக் என்று. அப்புறம் யார் எங்கே என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்கு எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு சாவுக் காட்சியில் எழுநூறு பேர் கண்ணீர் வரச் சிரித்தார்கள், பிணம் உட்பட. ஒருவருக்கும் வேலை போகவில்லை.